கல்லின் காலிப் பக்கம்

காலையில்தான் பவுல்சாமி கல்லறையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் மகள் ஜொவிட்டாவோடு பூவும் மெழுகுவர்த்தியுமாக வந்து பார்த்தால், கல்லின் மேல் ஒரு சொட்டு மெழுகு. மனைவி மர்சலின் பெயர் வெட்டிய பக்கத்தில் இல்லை. தனக்கென்று அவர் விட்டு வைத்திருந்த காலிப் பக்கத்தில். தொட்டார். சுட்டது.

எவனோ நம்ம கல்லை மேசையாக்கியிருக்கிறான் என்று சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராக முறைத்தார். கல்லறைத் திருநாள், ராஜா அண்ணாமலைபுரத்துப் பங்கு ஜனம் முழுக்க அங்கேதான் நின்றது. இதில் யாரை நம்புவது?

ஜொவிட்டா மெழுகுவர்த்தி ஏற்றினாள். எரிந்து என்ன பிரயோஜனம்? பக்கத்து அபார்ட்மெண்ட்காரன் மதில் மேல் வரிசையாக நட்டிருந்த ஆறு ஃபோகஸ் லைட்டும் கல்லறைத் தோட்டத்தின் மேல் சுண்ணாம்பைக் கொட்டுவதுபோல் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. அந்த வெள்ளையில் சுடர் தெரியவில்லை. சுடரின் நிழல் மட்டும் மர்சலின் பெயர் மேல் அழுக்காக ஆடியது.

மர்சலின் கடைசியாகப் படுத்திருந்த மூன்று மாதமும் இப்படித்தான். எதிர்க்கடை விளம்பரப் பலகை விடிய விடிய சிவப்பும் பச்சையுமாக முகத்தில் அடிக்கும். கண்ணை மூடினாலும் உள்ளே வருகிறது என்பாள். ஒரே ஒரு நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று கேட்டவளை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார். வானம் ஆறிப்போன டீ நிறத்தில் கிடந்தது.

"என்னைப் போட்ற எடமாவது இருட்டா இருக்கட்டும். நீங்க வெக்கிற மெழுகுவர்த்தி எனக்குத் தெரியணும்" என்றாள். சரி என்று கையில் அடித்துக் கொடுத்தார். அவள் போனபின் வருகிற முதல் திருநாள் இது.

வாட்ச்மேன் மகேஷிடம் போய் அரை மணி நேரம் விளக்கை அணைக்கச் சொன்னார். திருடன் வருவான், செகரெட்டரி திட்டுவார் என்று அவன் கதை அளந்தான். பிறகு சிரித்தான்.

"பெருசு, உள்ள படுத்துக்கினு கீறவங்க யாராச்சும் வந்து கம்ப்ளெயிண்ட் குடுக்கட்டும், ஆஃப் பண்ணிடறேன்."

பவுல்சாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு இருக்கிறவன் தூக்கத்தைப் பிடுங்கியாயிற்று, செத்தவள் இருட்டையும் பிடுங்கியாயிற்று, வானத்தையே அடைத்துவிட்டு எந்தத் திருடனைப் பிடிக்கிறான்கள் இவன்கள்? முப்பது வருஷம் கரண்ட் வேலை பார்த்த கை. மதிலோரம் ஃபியூஸ் பெட்டி. ஜொவிட்டா தடுப்பதற்குள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டார்.

ஆறு விளக்கும் அணைந்தன.

அதோடு நின்றிருக்க வேண்டும். அபார்ட்மெண்ட் அணைந்தது. தெரு அணைந்தது. ஆற்றுக்கு அப்பால் கோட்டூர்புரம் மாடி மாடியாக அணைந்தது. ஊர்மேல் எப்போதும் கிடக்கிற அந்தப் பழுப்பு வெளிச்சமும் சாக்கடையில் தண்ணீர் இறங்குவதுபோல் இறங்கிப் போயிற்று. ஒரு ஜெனரேட்டர்கூட உறுமவில்லை. அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கட்டை.

ஆற்று நாற்றம், சாமந்தி வாசம், உருகும் மெழுகு. கல்லறைதோறும் சுடர்கள் வரிசையாக எழுந்தன.

"மர்சலின், தெரியுதா?" என்று உரக்கக் கேட்டார்.

"அப்பா" என்றாள் ஜொவிட்டா. "மேல பாருங்க."

நட்சத்திரம். ஆயிரக்கணக்கில். சின்ன வயதில் பார்த்தது.

ஆனால் நட்சத்திரம் வரிசையாக இருக்காது. வரிசைக்கு நடுவே பாதை இருக்காது. அவை ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. கீழே காற்றில்லை.

பாதையில் ஆட்கள். தலைகீழாக. ஒவ்வொரு சுடருக்கும் ஒருத்தர் குனிந்து நின்றார்.

கட்டையைத் திரும்பச் சொருகினார். எரியவில்லை. மறுபடி. எரியவில்லை. எரிந்து தொலையேன்.

நேர் மேலே ஒருத்தி. புதைத்தபோது கட்டிவிட்ட நீலப் புடவை. குரல் வந்த இடத்தைக் கையால் தடவித் தேடினாள். கண்டுபிடித்தாள். உள்ளங்கையைக் குவித்துத் தீக்குச்சியை மறைத்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள், வீட்டில் செய்கிற மாதிரியே.

அவர் புறங்கையில் மெழுகு சொட்டியது. கல்லின் காலிப் பக்கத்தில் தொட்ட அதே சூட்டில்.

தோட்டம் முழுக்க ஜனங்கள் தலையில் சொட்டிய மெழுகைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே மர்சலின் இரண்டாவது மெழுகுவர்த்தியை எடுத்தாள். ஜொவிட்டாவின் தலைக்கு நேராகக் குனிந்தாள்.