உள்ளே வைத்த குரோட்டன்ஸ்

இருட்டில் வைத்த குரோட்டன்ஸ் பச்சையாகத்தான் போகும். சொன்னவன் வீரமுத்து. துரை பங்களாவில் பதினோரு வருடம் செடி வளர்த்தவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வெயில் பட்டால் இலை சிவக்கும், மஞ்சள் ஓடும். நிழலில் கிடந்தால் நிறமெல்லாம் இறங்கி, கொல்லையில் முளைத்த ஏதோ ஒரு செடி மாதிரி ஆகிவிடும். அப்படியிருக்க, சன்னல் சாத்திய வீட்டின் மூலையில் ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடந்த செடியில், தண்ணீர் ஊற்றக் குனிந்த ராசம்மா ஓர் இலையை மட்டும் ரத்தச் சிவப்பாகக் கண்டாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

அந்த இலை வாசலைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்திருந்தது. சுவரோரம் புருஷன் வீரமுத்துவுடைய பாய் சுருட்டியபடி நின்றது.

மலாயாவில், தங்காக் ஊருக்கு வெளியே, லேடாங் மலையைத் தாண்டித்தான் காலை வெயில் வந்து சேரும் ரப்பர் தோட்டம் அது. ஜப்பான்காரன் வந்து துரை ஓடிப்போனபோது, ஆளாளுக்கு பங்களாவிலிருந்து நாற்காலியும் தட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீரமுத்து தூக்கி வந்தது ஒரு குரோட்டன்ஸ் கிளை. பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் நட்டான். காலையில் வாசற்படி, பத்து மணிக்கு மேல் வீட்டுக்குள் கதவோரம். இந்தக் கணக்கு தப்பக் கூடாது அவனுக்கு. "வெயில் போதும் புள்ள, உள்ள எடுத்துரு" என்று, ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்திலிருந்தே குரல் கொடுப்பான். பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு டின்னுக்கு இத்தனை சீராட்டா என்று அவள் கேலி செய்வாள்.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். வீரமுத்து பால்மரக் காட்டுக்குள் ஒளிந்தான். சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவான். அதற்கு இருவரும் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். டின் வாசற்படியில் இருந்தால் வரலாம். உள்ளே இருந்தால் ஆள் பிடிக்கிறவர்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கிறார்கள், வரக் கூடாது.

நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. செடி இலை கொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியும் இரண்டு ஜப்பான் சிப்பாய்களும் லயத்தின் அந்தக் கோடி வீட்டில் இருப்பது ராசம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும், கை தன் பழக்கத்தில் டின்னைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டது. பாவம், செடிக்குக் கொஞ்சம் வெயில் படட்டும் என்ற நினைப்புதான் அவளுக்கு இருந்தது, வேறொன்றும் இல்லை. அவள் மரவள்ளி உரித்து முடிப்பதற்குள் வீரமுத்து படியேறிவிட்டான், சிப்பாய்களும் வந்துவிட்டார்கள். கையைக் கட்டும்போதும் அவன் அவளைத் திட்டவில்லை. டின்னைப் பார்த்தான்.

"உள்ள எடுத்து வை புள்ள" என்றான்.

எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவளுக்கு அந்த நமஸ்காரம் செய்யவும் மனம் வரவில்லை. சன்னலை ஆணியடித்தாள். செடி பச்சையாகிப் பச்சையாகி, மூன்று இலையில் வந்து நின்றது.

சயாமுக்குப் போனவர்களில் அய்யாவு ஒருவன்தான் தப்பித் திரும்பினான். காலில் அழுகின புண்ணோடு வந்து அவள் வாசலில் உட்கார்ந்து, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான். வாந்திபேதி. மரமெல்லாம் வெட்டிய வெட்டவெளி. புதைக்க ஆளில்லை. வீரமுத்துவைப் பாதையோரம் வெயிலில் போட்டுவிட்டுத்தான் வந்தார்களாம்.

"காச்சல்ல ஒண்ணயே கேட்டுக்கிட்டிருந்தான் தங்கச்சி. டின்னு உள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வெயிலு கொளுத்துதே, உள்ளதான் இருக்கும்னு சொன்னேன். அப்ப நான் வரக் கூடாதுன்னான். அப்புறம் பேசல."

ராசம்மா நம்பவில்லை. நம்பினால் தன் கையால் கொன்றதாகிவிடும். தாலி கழுத்திலேயே இருந்தது. கருமாதி இல்லை, விளக்கு இல்லை.

இப்போது இந்தச் சிவப்பு.

மறுநாள் இரண்டு இலை சிவந்தது. தண்டே சுவர்ப் பக்கம் சாய ஆரம்பித்தது. டின்னைத் திருப்பி வைத்தாள். பொழுது சாய்வதற்குள் பழையபடி சுவரைப் பார்த்தது. சுவர்ப் பலகையில் எங்காவது சந்து இருக்கும் என்று பக்கத்து வீட்டுக் காளியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் காளியம்மாவின் அடுப்படி. கரி படிந்த இருட்டு, அங்கே வெயில் வர வழியே இல்லை. காளியம்மா செடியைத் தொடவில்லை. மலாய்க்காரர்கள் இதைக் கல்லறையில்தான் வைப்பார்கள், தூக்கிப் போடு அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், லயத்தில் ஒரு கோழிகூடச் சத்தம் போடாத நேரத்தில், மூலையிலிருந்து ஒரு வாடை வந்தது. சூடேறிய கருங்கல்லும் புதிதாக வெட்டிய மரத்தின் பாலும் அதற்கு அடியில் இனிப்பாக அழுகுகிற வேறெதுவோ கலந்த வாடை. கூடவே, எங்கோ தொலைவில் ஈக்கள் மொய்க்கிற இரைச்சல். ராசம்மா பாய்க்கும் செடிக்கும் நடுவே கையை நீட்டினாள்.

சுட்டது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருட்டுதான். ஆனால் புறங்கையில் வெயில் விழுந்தது. களத்து மேட்டில் நிற்கிற மாதிரியான வெயில்.

இலைகளைப் பார்த்தாள். சிவப்பின் நடுவே வெள்ளை வெள்ளையாகப் பொசுங்கியிருந்தது. நிழலே இல்லாத இடத்தில், நாள் முழுக்கக் காய்ந்தால் வருகிற தீய்ப்பு.

அப்போதுதான் புரிந்தது. ஐயோ, சொன்ன சொல்லைத் தட்டாத மனுஷன். வரக் கூடாது என்றால் வராமல் இருக்கிறான். இத்தனை நாளும். அந்தச் சயாம் வெயிலிலேயே.

டின்னை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். கதவைத் திறந்தாள். வாசற்படியில் வைத்தாள். கொஞ்சம் மண் சிந்தியது.

பால்மரக் காட்டைப் பார்த்தாள். அவன் எப்போதும் வருகிற வழி. ஒருவரும் இல்லை. சருகு அசையவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே அத்தனை வெயில் இருந்தும் செடி அவளுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டிருந்தது. வீட்டுப் பக்கம்.

உள்ளே பாய் உதறி விரிகிற சத்தம் கேட்டது.

திரும்பினாள்.

வீடு முழுக்க இருட்டு. பாய் மட்டும் விரிந்திருந்தது. அதன் மேல் வெயில். கூரையிலிருந்து இறங்கவில்லை, கதவிலிருந்து வரவில்லை. பாயில் மட்டும். ஓர் ஆள் படுக்கிற நீளம். ஓர் ஆள் படுக்கிற அகலம். ஈக்கள் வர ஆரம்பித்தன.

அவள் ஓடவில்லை. எங்கே ஓடுவது? பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சூட்டில் முகம் எரிந்தது. முந்தானையை உருவி, இரண்டு கையாலும் விரித்து, தலை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே பிடித்தாள்.

"வெயில் போதுங்க" என்றாள். "உள்ள வந்துட்டீங்க."

கை கொப்புளித்தது. அவள் இறக்கவில்லை. வெளியே பொழுது சாய்ந்தது, காளியம்மா ஆடுகளைப் பட்டியில் அடைத்தாள், மலை கறுத்தது. பாயின் மேல் மட்டும் உச்சிவெயில் அப்படியே நின்றது. முந்தானையின் நிழல் விழுந்த அந்த ஒரு முழ இடத்தில், ஈக்கள் விலகிய இடைவெளியில், மண்ணும் புழுவும் அடைத்த வாய் மெல்ல மெல்ல அசைந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட முயன்றுகொண்டிருந்தது.