இடம் சொல்லாத அழைப்பு

சைரன் இல்லாமல் ஓர் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. கழக்கூட்டம் ஊரில் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். ஜன்னல் கம்பிகளின் நிழல் சிவப்பு வெளிச்சத்தில் சமையலறைச் சுவரெங்கும் சுற்றிச் சுற்றி ஓட, பொங்கி வழிந்த பால் அடுப்பில் கருகும் வாசனையைக்கூடக் கவனிக்காமல் ஜெஸ்லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

மணி அடித்தது. கதவைத் திறந்தால், நனைந்த சட்டையோடு டிரைவர் இசக்கி.

"பேஷன்ட் எங்க மேடம்? ஃபோன் ஆப்புல இந்த வீடாக்கும் காட்டுது."

"இங்க யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே. தப்பா வந்திருக்கும்."

"போன வாரமும் இங்கதான் வந்தேன். வீடு பூட்டிக் கெடந்து. சும்மா திரும்பினேன்."

ஆம்புலன்ஸை வரவழைக்கும் அந்த ஆப்பை எழுதியதே ஜெஸ்லின்தான். கூப்பிடுபவரின் இடம் காலியாக வந்தால், வண்டி அனுப்பும் ஃபங்ஷன் என்ற நிரல்பகுதி அப்படியே நின்றுபோகும். அது நிற்காமலிருக்க, இடம் காலியென்றால் தன் வீட்டு முகவரியை எடுத்துக்கொள் என்று சோதனைக்காக எழுதிவைத்தாள். தற்காலிகம்தான். புரோகிராமர்களின் தற்காலிகத்துக்கு ஆயுசு கெட்டி.

போன வாரம் கல்லாறு ஊரில் ரத்னாபாய் என்றொரு பெண் மூச்சுத் திணறி ஆப்பில் உதவி கேட்டாள். மலையடிவாரத்தில் அவள் இடம் மட்டும் பதிவாகவில்லை. வண்டி இங்கே வந்தது; அவள் அங்கே செத்தாள். மேலாளர் வினீத் விசாரித்தபோது, "அங்க ஃபோனுக்கு ரேஞ்ச் இல்லாததாக்கும் சார்" என்று ஜெஸ்லின் சாதித்துவிட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலைதான் யாருக்கும் தெரியாமல் அந்த முகவரியை அழித்தாள். இனி இடம் காலியென்றால் வண்டி கிளம்பாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆள் ஒருவர் திருப்பி அழைத்துக் கேட்பார்.

அப்படியானால் இந்த வண்டி?

"யாருண்ணே கூப்பிட்டது?"

"ஒரு பொம்பள. பேரு ரத்னாபாயாம். திருப்பி விளிச்சுக் கேட்டப்ப அவங்களே விலாசம் சொன்னாங்களாம். உள்ளறையில கட்டில்ல கெடக்கேன்னு."

வீட்டுக்குள் ஏதோ கேட்டது.

அது மழையல்ல. ஃபேனும் அல்ல. மூச்சு இழுப்பு. நீளமாக, ஈரமாக. நின்றது. மறுபடியும்.

இசக்கிக்கும் கேட்டுவிட்டது. "வழிய விட்டு மாறுங்க மேடம்!" ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அறைக் கதவு திறந்தது.

அவள் கட்டில். அவள் போர்வை. உள்ளே, நீலம் பாரித்த முகத்தோடு ஒரு பெண். வாய் திறந்து திறந்து மூடியது. கண் மட்டும் ஜெஸ்லினை விட்டு நகரவில்லை.

பிறகு அந்தப் பெண், ஜெஸ்லினும் வந்து படுக்கட்டும் என்பதுபோல, மெதுவாகச் சுவரோரம் நகர்ந்துகொண்டாள்.