விளக்கக் குறிப்பில் ஒரு மரணம்

மேஜை மேல் போன் அலறியது.

அவள் எடுக்கவில்லை.

ஆறு... ஏழு... எட்டாவது தடவை!

"எடும்மா," என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர். "இல்லேன்னா நான் எடுக்கட்டுமா?"

"வேணாம்."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம். காலை எட்டரையிலிருந்து இப்படித்தான். அழுகை வரவில்லை. தாகம் இல்லை. யாரோ கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை படிந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி செத்துப்போய் மூன்று மணி நேரம் ஆகிறது!

பெரிய பேங்க் ஒன்றில் கணக்கு அறிக்கைகளைத் தயார் செய்து அனுப்புகிற வேலை அவனுக்கு. அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து விழுந்து பின்பக்கம் கிடந்தான். ஏழே முக்காலுக்கு வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். அதே பேங்க்கில் கடன் பிரிவுத் தலைவராக இருக்கும் கணவர்தான் அடித்துப் பிடித்து ஓடி வந்து அவளிடம் சொன்னார்.

அவள் வேலை பார்ப்பது இங்கே, பேங்க்குகளைக் கண்காணிக்கும் இந்த அலுவலகத்தில். பேங்க்குகள் நிரப்பி அனுப்பும் டிஜிட்டல் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன வரவேண்டும் என்று விதி எழுதுகிறவள். நாள் பூரா கட்டம் கட்டம் என்று உயிரை எடுப்பதால் ஆபீஸில் அவளுக்குப் பெயர் கட்டம்மா!

போன் ஓய்ந்தது.

எதிரே இருந்த இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

"மேடம், இது உங்க தம்பி கடைசியா அனுப்பின ஃபைல். காலைல ஏழு பத்துக்கு. கடைசி கட்டத்தைப் படிங்க."

படிவத்தின் அடியில் 'விளக்கக் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. எண்கள் ஏன் மாறின என்று எழுதுவதற்கு. அவள் கெஞ்சிக் கேட்டும் எந்த பேங்க்கும் அதில் ஒரு வரி எழுதியதில்லை.

இன்று எழுதியிருந்தது.

'ஒரு வருடமாக வாராக்கடனை மறைத்தவன் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. மன்னித்துவிடுங்கள்.'

"அவரோட டிஜிட்டல் கையெழுத்தும் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "தற்கொலைதான். மதியத்துக்குள்ள கேஸை மூடிடுவேன்."

"என் தம்பி திருடன் இல்ல சார்."

"எல்லா அக்காவும் இதைத்தான் சொல்வாங்க மேடம்."

"அவன் பொண்ணுக்கு நாலு வயசு. நீங்க மூடிட்டா, காலம் பூரா அது திருடன் பொண்ணு..."

கணவர் அவள் தோளைத் தட்டினார். "விடும்மா. மச்சான் நம்மளை இப்படித் தலைகுனிய வெச்சிட்டுப் போயிட்டான். என்ன பண்றது?"

தோளில் கை பட்டது கூட அவளுக்கு உறைக்கவில்லை.

மறுபடியும் போன்!

இந்த முறை ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மேடம், மறுபடியும் குட்மார்னிங்!"

எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டுக் கண்காணிப்பு அதிகாரி. நடந்தது எதுவும் தெரியாத உற்சாகக் குரல். தம்பியின் பேங்க்குக்கு அங்கேயும் கிளைகள் உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிப் படிவம். இங்கே நல்ல கடன் என்று காட்டியதை அங்கே வாராக்கடன் என்று காட்டினாலும் யாருக்கும் தெரியாது. இப்போது ஒரே படிவம், ஒரே ஃபைல், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

"உங்க ஊர் பேங்க் ஃபைலை எங்க மெஷின் துப்பிடுச்சு மேடம்! படிவத்தோட வெர்ஷன் நாலு புள்ளி ரெண்டாம்! எங்ககிட்ட நாலு புள்ளி ஒண்ணுதானே இருக்கு? புதுசை அடுத்த மாசம்தான் எல்லாருக்கும் தருவேன்னீங்க. பேங்க்குக்கு மட்டும் முன்னாடியே குடுத்துட்டீங்களா? ஓரவஞ்சனை!"

அவள் நிமிர்ந்தாள்.

"சார்... லைன்லயே இருங்க."

"என்ன மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்த ஃபைலை என் தம்பி அனுப்பல."

"கையெழுத்து?"

"அது ஒரு பென் டிரைவ் சார், அவன் மேஜையிலேயே கிடக்கும். யார் செருகினாலும் கையெழுத்துப் போடும். ஆனா வெர்ஷனை ஃபைல் செய்யற மெஷின் தானா எழுதிடும். நாலு புள்ளி ரெண்டு எந்த பேங்க்கிலயும் கிடையாது. இன்னும் வெளியவே விடல!"

"பின்னே யார்கிட்ட இருக்கு?"

"இங்க கீழ் மாடியில சோதனை மெஷின்ல. அது பூட்டின ரூம்ல இருக்கு. ஒன்பது மணிக்குத்தான் திறப்பாங்க."

"அப்புறம்?"

"என் லேப்டாப்ல."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"எங்க அந்த லேப்டாப்?"

"வீட்டுல மறந்துட்டு..." என்று ஆரம்பித்தவள் மேஜை ஓரத்தைப் பார்த்தாள்.

லேப்டாப் அங்கே இருந்தது. எட்டரைக்கு ஓடி வந்தபோது அது கணவர் கையில் இருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏங்க... நீங்கதானே கொண்டு வந்தீங்க?"

கணவர் எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், இதைச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். நேத்து அக்காவுக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை. இவ காலைல ஆறு மணிக்கே லேப்டாப்போட கிளம்பினா. எங்க போனான்னு எனக்குத் தெரியாது..."

அடப்பாவி!

பதினோரு வருடம் குடும்பம் நடத்திய மனிதர். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஏழு பத்துக்கு எங்க இருந்தீங்க மேடம்?" இன்ஸ்பெக்டரின் குரலில் இப்போது மரியாதை குறைந்திருந்தது.

ஸ்பீக்கர் செருமியது.

"குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். ஏழுல இருந்து எட்டு வரைக்கும் மேடம் என்னோட வீடியோ மீட்டிங்ல இருந்தாங்க. இதே சீட்டுல உக்காந்து, ஆபீஸ் மெஷின்ல. என் கட்டங்களைப் பிச்சி எடுத்தாங்க! ரெக்கார்டிங் அனுப்பட்டுமா?"



இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். "பேங்க் மெஷின்ல செஞ்சா யார் தொட்டாங்கன்னு பதிவாகும். அதனால சம்சாரத்தோட லேப்டாப். அப்படித்தானே கடன் தலைவரே?"

கணவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அதெல்லாம் நான் குடுத்த கடன்... ரெண்டு நாட்டுக் கணக்கையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிச்சிட்டான். இன்னிக்கு உண்மையை அனுப்பியே தீருவேன்னு நின்னான். மொட்டை மாடிக்குப் பேசத்தாம்மா கூட்டிட்டுப் போனேன்..."

"தள்ளினீங்க," என்றாள் அவள்.



இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். அவள் தடுக்கவில்லை. தம்பி மகள் இனி யார் முன்னாலும் கூச வேண்டாம் என்பது மட்டும் உள்ளே எங்கோ ஒரு மூலையில் தெரிந்தது. மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது.

வாசல்வரை போன கணவர் திரும்பினார்.

"என்னைக் காட்டிக் குடுத்துட்டியேம்மா..."

"நானா? புது வெர்ஷனை இன்னும் யாருக்கும் குடுக்கலன்னு முந்தாநாள் சாப்பிடும்போது அரை மணி நேரம் சொன்னேங்க," என்றாள் அவள், ஆறிய டீயை ஓரமாக நகர்த்திக்கொண்டே. "கொட்டாவி விடாம கேட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க!"