சுவரைப் பார்த்த பொம்மை

"ஐயோ...!"

வேல்விழியின் அலறலில் கொல்லையில் இருந்த காக்கைகள் பறந்தன.

பட்டப்பகல். அடுப்பில் சாய அண்டா தளதளவென்று கொதித்தது. கம்பால் தூக்கிய புடவையிலிருந்து சொட்டியது... மயில் நீலம்.

அதே நீலம்!

பழுப்புப் போடத்தான் நினைத்திருந்தாள். கை தானாக நீலப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டது.

எல்லாம் அந்தப் பிரபா டீச்சரால் வந்த வினை. நாடகத் துணிகளுக்கு வீட்டிலேயே சாயம் போடும் வேல்விழியைத் தேடித் திங்கட்கிழமை வந்தாள். கையில் ஒரு வெள்ளைப் புடவை, சூளைக்குப் போகாத ஒரு மண் பொம்மை.

"ஸ்கூலு டிராமாக்கா. பொம்மை உசுரோட எழுந்து வர்ற கதை. பொம்மை கட்டியிருக்கிற கலர்லயே பொண்ணுக்கும் புடவை வேணும்."

"இது இன்னும் வேகலியே டீச்சர். வெந்தா கலரு மாறிடுமே."

"அதான் உங்ககிட்ட வந்தேன். பீங்கான் கம்பெனில ஏழு வருஷம் இருந்தீங்களாமே. வெந்தப்புறம் என்ன கலரு வருமோ, அதைப் போட்டுக் குடுங்க."

வேல்விழி பொம்மையை வாங்கினாள். வலது மூக்கில் மூக்குத்தி. ஒருத்தி செய்யும் பொம்மைகளுக்கு மட்டும்தான் அப்படி இருக்கும்.

"இது... யாரு செஞ்சது?"

"அமுதவள்ளின்னு ஒருத்தங்களாம். புதுப் புடவை எடுத்தா, அதே கலரைப் பொம்மைக்கும் அடிப்பாங்களாம். தெரியுமா உங்களுக்கு?"

"கூட வேலை பாத்தவதான். ஒன்றரை வருஷம் ஆவுது, எவன்கூடவோ ஓடிட்டா. அந்த வாரம் நான் அவளைப் பாக்கவே இல்ல."

பச்சைப் பொய்.

பார்த்தாள். முந்திரிக்காட்டை ஒட்டிய மண் குழியின் விளிம்பில் பார்த்தாள். வேல்விழியின் புருஷன் லாரியில் ஒளித்து வைத்திருந்து கொடுத்த நீலப் புடவையை, அன்றுதான் முதன்முதலாகக் கட்டிக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தாள் அமுதவள்ளி.

வந்தது அவன் இல்லை. வேல்விழி.

ஒரே தள்ளு. சரிந்த வெள்ளை மண்ணில் நீலம் முழுக்க மறையும்வரை நின்றுவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

இப்போது வேலை வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். ஒத்துக்கொண்டாள். ஆனால் பொம்மையின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். நாலு நாளும் அதன் பக்கமே போகவில்லை.

பொம்மை வெந்தாலும் அந்த நீலந்தானே வரும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு புடவையை அப்படியே கொடியில் போட்டாள். காய்ந்த புடவை காற்றில் உப்பியது. உள்ளே யாரோ நிற்பது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பிரபா வந்தாள். புடவையை விரித்துப் பார்த்தாள்.

"அச்சு அசலா இருக்குதுக்கா."

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே ஒரு துண்டுத் துணி. புடவை மேல் வைத்தாள். இரண்டும் ஒரே நீலம்.

"இ... இது எங்கேருந்து?"

"மண் குழிலேருந்து. போன வாரம் மழைல கரை சரிஞ்சுது. அமுதவள்ளி வெளில வந்துட்டாங்க. நான் டீச்சர் இல்லக்கா. எஸ்.ஐ. பிரபா."

வாசலில் ஜீப் வந்து நின்றது.

வேல்விழி சமாளித்தாள். "அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? பொம்மையைப் பாத்துதான் போட்டேன். அந்த வர்ணம் வெந்தா நீலந்தான் வரும். சூளைல யாரை வேணா கேளுங்க."

"கேட்டேனே."

பிரபா பொம்மையைத் திருப்பினாள். நகத்தால் சுரண்டினாள். மாவு போல உதிர்ந்தது.

"இது அமுதவள்ளி செஞ்சதே இல்ல. நான் செய்யச் சொன்னது. இதுல வர்ணமே கெடையாது. வெறும் மண்ணைக் கரைச்சுப் பூசியிருக்குது. வெந்தா வெள்ளைதான் வரும். ஒரு தடவை திருப்பிப் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அமுதவள்ளி கடைசியா கட்டியிருந்தது இந்த நீலந்தான்னு, அந்த வாரம் அவங்களைப் பாக்கவே பாக்காத உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வேல்விழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை இரண்டும் நீலமாக இருந்தன.

"நான் குடுத்த வெள்ளைப் புடவையை அப்படியே திருப்பிக் குடுத்திருக்கணும்க்கா நீங்க."

பிரபா நீலப் புடவையை நிதானமாக மடித்துக் கவரில் போட்டாள்.

"பரவால்ல, எழுந்து வாங்க. ஜெயில்ல குடுக்குறதும் வெள்ளைதான். அதுக்காவது சாயம் போடாம இருங்க!"