ருசி தெரியாத மாஸ்டர்

சோமனூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கும் யாரும் பங்காரம்மா மெஸ்ஸுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கே வழி காட்டிவிடும்.

தறி ஓட்டுபவர்கள், நூல் மூட்டை ஏற்றி வரும் லாரிக்காரர்கள், துணி வியாபாரிகள் எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அந்த மெஸ்ஸின் சமையல் மாஸ்டர் பெயர் தம்பிதுரை. அவருடைய ஒரே மகள் லோகப்பிரியா. ஐந்தாம் வகுப்பு படித்தாள்.

"உனக்கென்ன, தினமும் மெஸ் சாப்பாடு!" என்று வகுப்பில் எல்லாரும் பொறாமைப்படுவார்கள்.

உண்மையில் அவள் தினமும் சாப்பிட்டது அம்மா புவனாவின் சமையலைத்தான். அம்மாவும் நன்றாகவே சமைப்பாள். ஆனால் அப்பா முதல் வாய் சாப்பிட்டதும் ஏதாவது ஒரு குறை சொல்லுவார்.

"புளி கொஞ்சம் முந்திப்போச்சு."

"கடுகு இன்னும் சித்த பொரியோணும்."

"மெஸ்ஸுலதான் நீங்க மாஸ்டருங்க. இந்த ஊட்டுல நான்தான் மாஸ்டர்," என்பாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். ஆனால் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பாள்.

1994 ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. அப்பா சளியும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டார். காய்ச்சல் இறங்கியதும் தன் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் மெஸ்ஸில் விசித்திரங்கள் தொடங்கின. ஒரு நாள் குழம்பில் உப்பு கரித்தது. மறுநாள் உப்பே இல்லை. அதற்கடுத்த நாள் அவரைக்காய்ப் பொரியல் அடிப்பிடித்திருந்தது. அதையும் அப்படியே பரிமாறினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும், அப்பா காலையில் மோர் கொண்டுபோன தூக்குப்போசியைத் திரும்ப வாங்க லோகப்பிரியா மெஸ்ஸுக்குப் போனாள். கல்லாவில் பங்காரம்மா உட்கார்ந்திருந்தார். அவர்தான் மெஸ்ஸின் முதலாளி. எதிரே பொங்கியண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொந்தமாகத் தறி வைத்திருப்பவர். தினமும் அங்கே சாப்பிடுபவர்.

"ஏனுங்க பங்காரம்மா, மாஸ்டருக்கு என்னாச்சுங்க? மத்தியானம் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுத்தான் சோறு எறங்குச்சு," என்றார் அவர்.

"பல்லடத்துல ஒருத்தரு புதுசா மெஸ் தொறக்கறாருங்க. மாஸ்டரு அங்க போறதுக்கு வேணும்னே இங்க கெடுக்கறாருன்னு பேசிக்கறாங்க. நானும் பாத்துப்போட்டேன். திங்கக்கிழமை அவிநாசியில இருந்து வேற மாஸ்டரு வாராருங்க."

தூணுக்குப் பின்னால் நின்ற லோகப்பிரியாவை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா பச்சைப்பயிறு கடைந்திருந்தாள். லோகப்பிரியா ஒரு வாய் வைத்தாள். உப்பே இல்லை! அம்மா போட மறந்துவிட்டாள். இப்போது அப்பா என்ன சொல்லப்போகிறாரோ என்று அவரைப் பார்த்தாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு புவனா," என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. தனக்கென்று வைக்காமல், சட்டியில் இருந்ததை முழுவதும் அவர் தட்டிலேயே போட்டாள். லோகப்பிரியா யோசித்தாள். இந்த வாரம் முழுவதும் அப்பா அம்மாவின் சமையலில் ஒரு குறைகூடச் சொல்லவில்லையே?

சாப்பிட்டு முடித்ததும் அவள் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சர்க்கரை போடவில்லை. உப்பும் போடவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா அதைப் பச்சைத் தண்ணீர்போலக் குடித்தார். முகம்கூடச் சுளிக்கவில்லை.

"நல்லா இருக்குது கண்ணு."

"அதுல சர்க்கரையே போடலீங்கப்பா," என்றாள் லோகப்பிரியா மெதுவாக.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"காய்ச்சல்ல இருந்து ஒண்ணுமே தெரியறதில்ல கண்ணு. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான். நாக்குல எதை வெச்சாலும் ஈரத்துணி மாதிரி இருக்குது. யாருகிட்டயும் சொல்லிப்போடாத."

"நான் வந்து ருசி பாக்கட்டுங்களாப்பா? நாளைக்கு எங்களுக்கு லீவுதானுங்க."

மறுநாள் லோகப்பிரியா அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"உப்பு?" என்று அப்பா கேட்பார்.

"இன்னும் கொஞ்சமுங்கப்பா."

"காரம்?"

"கண்ணுல தண்ணி வருதுங்க. ஆனா நல்லா இருக்குதுங்க."

அன்று மெஸ்ஸில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பொங்கியண்ணன் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். லோகப்பிரியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பங்காரம்மா என்ன சொல்லுகிறார் என்று கேட்கக் கல்லாப் பக்கம் போனாள்.

"பாத்தீங்களா?" என்று பங்காரம்மா பொங்கியண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நெனச்சா நல்லா செய்யத் தெரியுதுங்களே! அப்ப இத்தனை நாளும் வேணும்னேதானுங்க கெடுத்திருக்காரு."

லோகப்பிரியாவின் பெருமை அப்படியே இறங்கிவிட்டது. உதவி செய்ய வந்து, அப்பாவின் பெயரை இன்னும் கெடுத்துவிட்டோமே! திங்கட்கிழமை வேறு பள்ளிக்கூடம் இருக்கிறது. மத்தியானக் குழம்பை யார் ருசி பார்ப்பது?

வீட்டுக்குப் போகும் வழியில் தான் கேட்ட எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"பங்காரம்மாகிட்ட நெசத்தைச் சொல்லிப்போடலாமுங்கப்பா."

"ருசி தெரியாத மாஸ்டரை யாரு கண்ணு வேலைக்கு வெச்சுக்குவாங்க?"

"எங்க டீச்சருக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாடம் நடத்தறாங்க. யாரும் சிரிக்கறதில்லீங்களே?"

"நாக்குக்குப் போடற கண்ணாடி எந்தக் கடையில விக்குது?"

"கடையில இல்லீங்கப்பா. நம்ம ஊட்டுல இருக்குது. அம்மா!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கம்மாகிட்ட எப்படிக் கேக்கறது? தினமும் அவ சமையலைக் குறை சொல்லிப்போட்டு, இப்ப..."

"அப்ப நான் கேக்கட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. நானே கேக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு லீவு. காலையில் அம்மா அரிசிச் சேவை போன்ற சந்தகை பிழிந்தாள். அப்பா வந்து அச்சின் கைப்பிடியை வாங்கிச் சுற்றினார். சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மா சந்தகைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப, ஒரு வாரமா நீங்க கம்முனு சாப்பிட்டது..."

"ஒண்ணும் தெரியாமத்தான் புவனா."

"நான் நெம்ப நல்லா சமைக்கறேன்னு நெனச்சுக்கிட்டேன்."

அம்மாவின் கண் கலங்குவது லோகப்பிரியாவுக்குத் தெரிந்தது.

"நீங்க நல்லாத்தானுங்கம்மா சமைச்சீங்க," என்றாள் அவசரமாக. "பச்சைப்பயிறுல மட்டுந்தான் உப்பு போடலீங்க."

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "உப்பே போடலியா? ஏன் அம்மணி அப்பவே சொல்லல?" என்றவள், தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் போயும் வாசமும் ருசியும் தெரியலீன்னா டாக்டரைப் பாக்கோணுமல்லங்க? இதையெல்லாம் மறைப்பாங்களா?"

திங்கட்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் டிவிஎஸ் 50-இல் நெருக்கிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனார்கள். அப்பா பங்காரம்மாவின் முன்னால் போய் நின்றார். லோகப்பிரியா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

பங்காரம்மா கல்லாவை விட்டு எழுந்தார்.

"நீங்க பல்லடத்துக்குப் போயிருவீங்கன்னு நான் தூக்கமில்லாமக் கெடந்தேனுங்க மாஸ்டர். இதைச் சொல்றதுக்கு என்னங்க வெக்கம்?" என்றவர், அம்மாவைப் பார்த்தார். "நீ வந்து ருசி பாப்பியா அம்மணி? அதுக்குச் சம்பளமும் உண்டு."

"பாப்பேனுங்க. ஆனா சரியில்லீன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுவேன்."

"யாரு மூஞ்சிக்கு?" என்றார் பங்காரம்மா.

"மாஸ்டர் மூஞ்சிக்குத்தானுங்க!"

அவிநாசியிலிருந்து வந்த மாஸ்டருக்கு வயிறு நிறைய இட்லி கொடுத்து, பங்காரம்மாவே பஸ் ஏற்றிவிட்டார்.

டாக்டர் அப்பாவைச் சோதித்துப் பார்த்துவிட்டு, வாசனையும் ருசியும் மெதுவாகத்தான் திரும்பும் என்றார். அப்படியே ஆயிற்று. முதலில் தெரிந்தது பெருங்காயம். பிறகு வறுத்த மல்லி. ஒரு நாள் காலையில் காபி கசக்கிறது என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாகக் குடித்தார்.

அப்பாவுக்குச் சரியான பிறகும் அம்மா மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தவில்லை. ருசி பார்க்க வந்தவள் ஒவ்வொன்றாகச் சமைக்கவும் தொடங்கியிருந்தாள்.

அரையாண்டுப் பரீட்சை லீவில் லோகப்பிரியாவும் மெஸ்ஸில் இருந்தாள். மத்தியானம் பொங்கியண்ணன் ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாஸ்டர்! இன்னைக்கு ரசத்துல கை மாறியிருக்குதே! என்னங்க செஞ்சீங்க?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மெஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அது நான் வெச்சதில்லீங்க. என்ற ஊட்டுக்காரி வெச்சது. எனக்கு இப்படி வராதுங்க."

"அப்படீன்னா இன்னொரு கரண்டி ஊத்துங்க!"

"இங்கயுங்க!" என்றது அடுத்த இலை.

"எனக்குமுங்க!" என்றது அதற்கடுத்த இலை.

லோகப்பிரியா காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சிரிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். திரும்பாமலேயே வாளியை வாங்கி, விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொடுத்தாள்.