பன்னிரண்டு முதல் மூன்று வரை

பதினொன்றே முக்காலுக்குச் சங்கு ஊதியதும் தூத்துக்குடியில் இதயத்துணைச் சில்லு பொருத்தியவர்கள் எல்லாரும் நண்பகல் கூடத்துக்கு வந்து படுத்துவிடுவார்கள். பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயில் ஐம்பத்திரண்டு டிகிரி. அந்நேரம் நெஞ்சுக்குள் இருக்கும் சில்லு முழுவேகத்தில் ஓடினால் கருகிவிடும். அதனால் அது உறக்கநிலைக்குப் போகும். ஆளையும் மயக்கத்தில் வைத்து, நாடியை மெல்ல ஓட்டும். நான் அங்கே சில்லுகளைப் பழுது பார்ப்பவள். எனக்குச் சில்லு கிடையாது. அந்த மூன்று மணி நேரமும் முழித்திருக்கும் ஒரே ஆள் நான்தான்.

அமலோற்பவம் அக்காவின் சில்லு மட்டும் மூன்று நாளாகத் தூங்க மறுத்தது. கட்டளை போகும், அரை நிமிடத்தில் எழுந்துகொள்ளும். பேட்டரியைக் குறை சொன்னேன், வெப்பச் சென்சாரை மாற்றினேன், நிரலைப் புதிதாக ஏற்றினேன். எல்லாம் தண்டம். நான்காம் நாள் எரிச்சலோடு பதிவுகளை வரி வரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. சில்லை எழுப்பும் உரிமை மருத்துவரின் எண்ணுக்கு மட்டுமே உண்டு. மகன் ரெக்சன் கூப்பிட்டால் எழுப்பட்டும் என்று அக்கா மூன்று நாளுக்கு முன் அந்த இடத்தில் அவன் எண்ணைப் போட்டு வைத்திருந்தார். நாற்பது நாளாகத் தொடர்பில் இல்லாத அந்த எண்ணைத் தேடித் தேடிச் சில்லு விழித்துக்கொண்டிருந்தது.

ரெக்சனுக்கு ஆழ்கடல் சுரங்கத்தில் வேலை. அவர்களுடைய மிதவை மேலே வருவது நண்பகலில்தான்; பேச மூன்று நிமிடம் கிடைக்கும். கடலுக்குப் போனவன் குரல் கேட்காமல் வீட்டில் யாரும் படுப்பதில்லை என்பது அக்காவின் தெரு வழக்கம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொரு நண்பகலைச் சில்லு தாங்காது, உயிர் போய்விடும் என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நான் தூங்கும்போது அவன் கூப்பிட்டா?"

அழைப்பை என் கைப்பேசிக்குத் திருப்பி நானே பேசுவதாகச் சொன்னேன்.

"என்னன்னு சொல்லுவ?"

"அம்மா தூங்குறாங்கன்னு சொல்றேன்க்கா."

"அப்படிச் சொல்லிராத பிள்ள. எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சுருவான். சாப்டியான்னு அம்மா கேட்டாள்னு மட்டும் சொல்லு."

எண்ணை நீக்கினேன். அன்று அவருடைய சில்லு ஒழுங்காகத் தூங்கியது. நான் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை.

மூன்று மணிக்கு எல்லாரும் கண் திறந்து தண்ணீர் கேட்டார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். நாளைக்கும் ஆட்ட வேண்டியிருக்கும்.