நிலைக்கு அடியில் ஒரு கூழாங்கல்

நார்வேயின் வடகோடியில் இருந்த அந்தக் கடற்கரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகியிருந்தது. 2003 ஜூலை. அந்த மாதத்தில் அங்கே இருட்டுவதே இல்லை. மணலும் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறக் கூழாங்கற்கள். ஒவ்வொரு அலையும் திரும்பும்போது அவற்றை இழுத்துக்கொண்டு போனது. கர்ர்ரென்று, யாரோ பல்லைக் கடிப்பதுபோல.

முருகவேலுக்கு அந்த நாட்டில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. மனைவி ரேணுகாம்பாள் ஒரு மாத விசாவில் வந்திருந்தாள்.

"நம்மூர் மாதிரி கல்லு அடுக்கலாமா ரேணு? வீடு கேக்கலாம்."

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் பாதையோரம் கல்மேல் கல் அடுக்கி வீடு வேண்டிக்கொள்வார்கள். ரேணு அடுக்காத பௌர்ணமி இல்லை. பிறந்ததிலிருந்து வாடகை வீடுதான். தண்ணீருக்கு, விளக்குக்கு, சுவரில் ஆணி அடித்ததற்கு என்று வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவள்.

அலை எட்டாத மேட்டில், ஆள் நீளத்துக்கு ஒரு கற்குவியல் இருந்தது. முருகவேல் அதன் ஒரு முனையிலிருந்து கல்லொன்றை எடுத்தான்.

"அதை எடுக்காதீங்க. யாரோ வேண்டிக்கிட்டு வச்சது."

"அவன் எப்பவோ வீடு கட்டிக் குடிபோயிருப்பான், விடு."

அவள் முறைத்தாள். அவன் கல்லைக் கீழே போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

மறுவருஷம் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் வீடு எழும்பியது. தாலியைத் தவிர அவளுடைய நகை மொத்தமும் அந்தச் சுவர்களுக்குள் போயிருந்தது. குடிபுகுந்த சித்திரையில், பட்டப்பகலில், அது ஆரம்பித்தது.

முதலில் குளிர். வெளியே தார் ரோடு இளக, கூடத்தில் அவள் மூச்சு புகையாக வந்தது.

பிறகு நாற்றம். பாசியும் ஊறி அழுகிய கயிறும் கலந்த நாற்றம்.

தரையில் ஈரம். துடைத்தாள். மறுபடி ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

வாசல் நிலைக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

கர்ர்ர்.

லீவில் வந்திருந்த முருகவேலின் முன்னால் போய் நின்றாள். "அந்தக் கல்லை என்ன பண்ணீங்க?"

அவன் பார்வை வாசல் நிலைக்குப் போனது.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"நெல வச்சப்ப, செப்புக்காசோட அதையும் அடியில போட்டேன். ராசியான கல்லு ரேணு. கேட்டது கெடைச்சுதுல்ல?"

"ஆள் நீளத்துக்கு எவனாவது வீடு கேப்பானா? அது சமாதிங்க! எவனோ செத்தவன் தலைமாட்டுக் கல்லை என் வாசல்ல பொதைச்சிருக்கீங்க. அறிவிருக்கா உங்களுக்கு?"

"கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். இது என் வீடு. கத்துவேன்!"

கூடத்துக்குள்ளிருந்து ஈரமான ஒரு பெருமூச்சு கேட்டது.

கூடத்தில் யாரும் இல்லை.

அன்றே கடப்பாரையால் நிலைக்கடியைப் பெயர்த்தான். சுற்றிலும் சிமெண்ட் காய்ந்திருந்தது. கல் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எடுத்த எடத்துலயே வையுங்க. வைக்காம இந்த வாசப்படிய மிதிக்காதீங்க."

மிச்ச லீவை விட்டுவிட்டுக் கிளம்பினான். கல் போனபின் தரை காய்ந்தது. ரேணு முதல் தடவையாக நிம்மதியாகச் சோறு வடித்தாள்.

அடுத்த வாரம் செல்போன் அடித்தது. வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வாசலுக்கு வெளியே ஓடிவந்து பேசினாள்.

"வச்சுட்டேன் ரேணு." அவன் குரலுக்குப் பின்னால் அலை கற்களை இழுத்தது.

"அதே எடத்துலயா?"

"அதே எடம்தான். ஆனா..."

"ஆனா என்ன? சொல்லித் தொலைங்க."

அவன் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "குவியல் உள்வாங்கிக் கெடக்கு. அடியில யாருமே இல்ல."

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ரேணு பாய்ந்து போய் இரண்டு கைகளாலும் கதவை அறைந்தாள். "தொறடா! என் வீடுடா இது! தொற!"

கதவிடுக்கில் தண்ணீர் கசிந்து வந்து அவள் கால்விரல்களைத் தொட்டது. ஐஸாகக் குளிர்ந்தது.

பிறகு உள்ளே யாரோ ஒரு தடவை தொண்டையைச் செருமினார்கள். வாடகைக்கு இருப்பவள் சத்தம் போட்டால் வீட்டுக்காரர் செருமுவாரே, அதுபோல.